அழாத குழந்தை தைரியசாலியா?
பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் விடும்போது அழாத குழந்தை தன்னம்பிக்கை உள்ளது என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டது, எனக்கு இது சரியாகப் படவில்லை. உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் 1978இல் வெளியிட்ட ஆய்வில், அம்மா அறையை விட்டுப் போனதும் குழந்தை அழுததா என்பதைவிட, அவர் திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார்; ஓடி வந்து கட்டிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி, மறுபடி விளையாடப் போகும் குழந்தையைத்தான் பாதுகாப்பான பிணைப்பு, அதாவது அம்மாவை நம்பி ஆறுதல் தேடும் உறவு, உள்ளது என்றார். கண்டுகொள்ளாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தைகளுக்கும் இதயத் துடிப்பு எகிறியதைப் பின்னால் வேறு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். என் மகனும் ஒன்றரை வயதில் அழவே மாட்டான், டாட்டாகூடக் காட்டாமல் உள்ளே போவான், நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாயங்காலம் போனால் பார்த்தும் பார்க்காததுபோல் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பான், வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றும்போது ஒரு வெடி வெடிப்பான் பாருங்கள், அடங்க அரை மணி நேரமாகும். சாக்ஸா காரணம்? அப்புறம்தான் வந்ததும் போனைத் தொடாமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார ஆரம்பித்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான், வீட்டில் எல்லோரும் பயந்தார்கள், எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது.