மேம்பாலத்துக்கு அடியில் ஒரு வீடு

எங்கள் பகுதி மேம்பாலத்துக்கு அடியில் போன வருடம் இரும்பு வேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். உள்ளே வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள், அவற்றில் காய்ந்துபோன குரோட்டன்ஸ், தூண்களில் மயில் படம். சென்னையில் மதியம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் சாலையில் நிழல் இருக்கிற ஒரே இடம் அதுதான். இளநீர் விற்கிறவர் வேலிக்கு வெளியே, வெயிலில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு லண்டனின் ஹாக்னி விக் ஞாபகம் வரும். அங்கே ஏ12 நெடுஞ்சாலை ஒரு கால்வாயின் மேலே போகிறது. அதன் அடிப்பகுதியும் இதே மாதிரி யாருக்கும் வேண்டாத இடமாகத்தான் கிடந்தது. 2011 கோடையில் ‘அசெம்பிள்’ என்ற இளைஞர் குழு அங்கே ஒரு வீடு கட்டியது. போகிற சாலைக்கும் வருகிற சாலைக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக அந்த வீட்டின் கூரை மேலே எட்டிப் பார்த்தது. அதற்கு ஒரு கதையும் கட்டினார்கள். வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றாராம். வேறு வழியில்லாமல் அவர் வீட்டைச் சுற்றியே சாலையைப் போட்டுவிட்டார்களாம்!

இந்த மாதிரிக் கட்டடத்துக்கு ‘ஃபாலி’ என்று பெயர். கிறுக்குத்தனம் என்று அர்த்தம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணக்காரர்கள் தங்கள் தோட்டங்களில் வெறும் அழகுக்காகப் பொய்க் கோபுரமும், இடிந்தது போலவே கட்டிய கோட்டையும் எழுப்பி வைத்தார்கள். அந்தப் பணக்கார விளையாட்டை ஊருக்குப் பொதுவாக்கியதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் செங்கல் வீடு. கிட்டே போனால் எல்லாம் மரம். பழைய மரத்தைச் செங்கல் அளவுக்கு அறுத்து, துளை போட்டு, பூச்சரம் மாதிரி கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சுமார் 200 தன்னார்வலர்கள் கை கொடுத்தார்கள். கொத்தனார் வேலை தெரியாதவரும் ஒரு கட்டையைக் கோக்கலாம் இல்லையா? பகலில் தேநீர்க் கடை, பயிற்சிப் பட்டறைகள், கால்வாயில் படகு. இரவானால் படிக்கட்டில் உட்கார்ந்து சினிமா. ஒன்பது வாரத்தில் 40,000 பேர் வந்தார்கள். அப்புறம் பிரித்து, அந்த மரத்தை ஒரு தொடக்கப் பள்ளியின் விளையாட்டு இடத்துக்கும் செடித் தொட்டிகளுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் மேம்பாலத்துக்கு அடியிலும் இப்படி ஒன்று கட்டலாம் என்று சொன்னால், “அந்தப் பணத்தில் ஒரு கழிப்பறை கட்டலாமே” என்று கேட்பார்கள். கட்டட்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் ஆளே வராத இடத்துக்கு எந்த அதிகாரி பணம் ஒதுக்குவார்? ஹாக்னி விக்கில் கூட்டம் வந்த பிறகுதான் நிரந்தர வசதிகளுக்கு அரசுப் பணம் வந்தது. அந்த ஒன்பது வாரக் கிறுக்குத்தனம்தான் அது உயிருள்ள இடம் என்று எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தது. வேலியும் மயிலும் இதைச் செய்யாது. பூட்டி வைத்த இடம் அழகாக இருந்தாலும் பாழ்தான்.

“நம் ஊரில் திறந்து விட்டால் குடிகாரர்கள்தான் வருவார்கள்” என்பது அடுத்த பேச்சு. வேறு யாரும் வராத இடம் என்பதால்தான் அவர்கள் வருகிறார்கள். என் மகள் டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு அந்த வழியாகத்தான் வருகிறாள். அங்கே விளக்கும் டீக்கடையும் நாலு குடும்பமும் இருந்தால் அவள் நடை வேறு மாதிரி இருக்கும்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்ட ஊர் நம்முடையது. இரண்டு கல் நிற்கும், ஒரு கல் குறுக்கே படுத்திருக்கும், அவ்வளவுதான். தலைச்சுமைக்காரர் யார் உதவியும் கேட்காமல் பாரத்தை இறக்கி வைத்து மூச்சு விடுவார்.

எங்கள் மேம்பாலத்துக்கு நான் கேட்பது ஆறே வாரம். பழைய கதவு ஜன்னல் விற்கிற கடைகளில் மரம் கிடைக்கும். நாலுகால் மண்டபம் மாதிரி ஒன்று, உட்காரப் படிக்கட்டு, ஒரு வெள்ளைத் திரை. இளநீர்க்காரருக்கு உள்ளே இடம். சரிப்படவில்லை என்றால் பிரித்துவிடலாம். வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் அடுத்து நடக்கும்போது மனு கொடுக்கப் போகிறேன். எங்கள் வார்டுக்காரர்கள் யாராவது கூட வந்தால் நன்றாக இருக்கும்.