'ஏன் வரவில்லை' என்று கேட்காத மிஸ்ஸி

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். எச்.ஐ.வி. மருந்து தொடங்கி மூன்று வருடமாகிறது. "அக்கா, உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் அதே ரிசல்ட்தான் வருகிறது. போன தேதியை விட்டுவிட்டேன். இப்போது திரும்பிப் போக மனசே வரவில்லை. நீங்கள் எப்படி இத்தனை வருடமாக விடாமல் போகிறீர்கள்?"

நான் விடாமல் போனவள் இல்லை. அவருக்கு அதைத்தான் முதலில் சொன்னேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்று, அவரிடமும் என் பிள்ளைகளிடமும் கேட்டுக்கொண்டு, இங்கே முழுதாக எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. வீடு மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரில். வயது 52. என் கணவர் லோரி ஓட்டினார். போதை ஊசி போடும் பழக்கம் இருந்தது. 1999இல் மகள் வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் எடுத்த சோதனையில் எனக்கு எச்.ஐ.வி. இல்லை. அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. 2005இல் அவர் காசநோயில் போய்ச் சேர்ந்தார். அவரைப் பார்த்த டாக்டர் சொல்லித்தான் நானும் ரத்தம் கொடுத்தேன். அந்தக் காலத்தில் நம் நாட்டில் இந்தத் தொற்று பெரும்பாலும் ஊசி வழியாகத்தான் பரவியது. அதே 2005 அக்டோபரில்தான் போதை ஊசிக்கு மாற்றாக மெதடோன் என்ற மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டம் அடுத்த வருடம் வந்தது. அவருக்கு எதுவும் நேரத்துக்கு வரவில்லை. எனக்கு வந்தது. 2006 முதல் அரசு மருத்துவமனைகளில் முதல் நிலை மருந்துகள் இலவசம். 2007இல் என் சி.டி.4, அதாவது நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, 180க்கு இறங்கியிருந்தது. 500க்கு மேல் இருக்க வேண்டியது அது. அப்போது மருந்து தொடங்கினேன்.

முதல் சில வருடம் கிளினிக் தேதியை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. பயமே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. கணவர் கடைசி மாதத்தில் எப்படி இருந்தார் என்று கண்ணால் பார்த்தவள் நான். இரண்டு சின்னப் பிள்ளைகள். கிளினிக் பினாங்குத் தீவில். ஃபெரி ஓடாவிட்டால் நீந்தியாவது தீவுக்குப் போயிருப்பேன்.

அப்புறம் உடம்பு தேறியது. எடை ஏறியது. வைரல் லோட், அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. அடுத்த ஆறு மாதத்திலும் அதே. அதற்கடுத்தும் அதே. நோய் இருப்பதே மறந்து போகிற அளவுக்கு நன்றாக இருந்தேன். என்னைப் பொறுத்தவரை ஆபத்தான காலம் அதுதான். நோயாக இருக்கும்போது கிளினிக்குக்குப் போவது எளிது. நன்றாக இருக்கும்போது, அரை நாள் சம்பளத்தையும் சூப்பர்வைசரின் முகத்தையும் பொறுத்துக்கொண்டு, 'ஒன்றுமில்லை' என்று கேட்பதற்காகப் போவது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். அதுவும் ஒரு சுற்றுக்கு ஒரு நாள் போதாது. ரத்தம் எடுக்க ஒரு நாள், சில வாரம் கழித்து டாக்டரைப் பார்க்க இன்னொரு நாள்.

நான் வீட்டுக்குப் பக்கத்தில் பட்டர்வொர்த்தில் காட்டாமல் தீவுக்குப் போனதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக்கூடாது. 2016இல் ஒரு நாள் மருந்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயிலில் விளக்குப் பூஜைக்கு என்னோடு உட்காரும் அக்கா ஒருவர் நேரே நடந்து வருகிறார். தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் நம்பர் வந்து, கடந்து போனது. நான் நகரவில்லை. பின்னாளில் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவர் தன் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்ட வந்திருக்கிறார். ஆனால் அன்று எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அதே மாதம் வேலையிடத்தில், "என்ன, அடிக்கடி தீவுக்குப் போய் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுத்து வருகிறீர்கள்? அப்படி என்ன வியாதி?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார்கள். அடுத்த தேதிக்கு நான் போகவில்லை. உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இனி சொல்லப் போவதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

மூன்று மாதம் கழித்து, மாத்திரை தீரும் நேரத்தில், மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் என் அட்டையைப் பார்த்தார். "தேதி எப்போதோ போய்விட்டது, இப்போது வருகிறீர்கள். இலவசமாகக் கொடுத்தால் அருமை தெரியாது. உங்கள் உயிர்மேல் உங்களுக்கே அக்கறை இல்லையென்றால் நாங்கள் என்ன செய்வது?" என்று மலாயில், வரிசைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஃபெரியில் மேல்தட்டில் நின்றேன், காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு. அழுதால் காற்றில் தெரியாது.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் போகவில்லை. மாத்திரையும் இல்லை.

அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அன்று அவருக்கு எத்தனை பேரோ, என்ன களைப்போ. அதட்டினால் திருந்துவார்கள் என்று நினைத்திருக்கலாம். நம் வீடுகளிலும் அப்படித்தானே நினைக்கிறோம். ஆனால் கணக்குப் பாருங்கள். தேதியைத் தவறவிட்டவள் தானாகத் திரும்பி வந்துவிட்டாள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள். அந்த ஒரு நிமிடத்தில் நாலு வார்த்தை ஐந்து மாதத்தைத் தின்றுவிட்டது.

அந்த ஐந்து மாதத்தில் உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. இந்த வைரஸ் முழுதாகப் போவதில்லை. சில அணுக்களுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். மருந்துதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு மறுபடி பெருகிவிடும். நமக்குத் தெரியாது, ரத்தத்துக்குத்தான் தெரியும். என்னை ஒரு வழியாக மகள் இழுத்துக்கொண்டு போனாள். அப்போது அவளுக்கு 18 வயது. அலமாரியில் காலி மருந்துப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "மா, நான் லீவு போடுகிறேன், வா" என்றாள். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

ரத்தம் எடுக்கும் அறையில் ஒரு மலாய் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். வயதானவர். என் அட்டையைப் புரட்டினார். எட்டு மாத இடைவெளி அவர் கண்ணில் பட்டது எனக்குத் தெரிந்தது. நான் குனிந்துகொண்டேன், அடுத்து வரப்போவதற்குத் தயாராக. அவர் கேட்டது, "சுடா மாக்கான்?" சாப்பிட்டாயா என்று. இல்லை என்று தலையாட்டினேன். "சரி, நல்லது, சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்தே பார்த்துவிடலாம். முடிந்ததும் கீழே போய் முதலில் ஏதாவது சாப்பிடு" என்றார். கையைத் தடவி நரம்பைத் தேடினார். ஒரே குத்து. பஞ்சை வைத்து அழுத்தும்போது, "வந்துவிட்டாயே, போதும்" என்றார்.

ரிசல்ட் வந்தபோது வைரல் லோட் 62,000. சி.டி.4 590இலிருந்து 310க்கு இறங்கியிருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். நான் சாப்பிட்ட மூன்று மருந்துகளில் ஒன்று, நிறுத்திய பிறகும் உடம்பில் அதிக நாள் தங்குமாம். மற்ற இரண்டும் சீக்கிரம் வெளியேறிவிடும். அந்த இடைவெளியில் வைரஸ் அந்த ஒரே மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிடலாம். அப்புறம் அது வேலை செய்யாது. எனக்கு அப்படி ஆகவில்லை. மறுபடி தொடங்கிய ஆறாவது மாதம் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. அந்தத் தாளை மகள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

தம்பி, "அதே ரிசல்ட்தான்" என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். வைரல் லோட் கண்டறிய முடியாத அளவில் இருந்தால் உடலுறவின் வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள ஆண் ஜோடிகளை, ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 தடவை உறவு கொண்டவர்களை, ஐரோப்பாவில் வருடக்கணக்காகப் பார்த்தார்கள். பார்ட்னர் ஆய்வு என்று பெயர், 2019இல் முடிவு வெளிவந்தது. சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்கும் இல்லை. நாளைக்கு நீங்கள் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தால், தலை நிமிர்ந்து பேச உங்களுக்கு இருக்கும் பலம் அந்த 'அதே ரிசல்ட்'தான். ஆனால் போன வருடத்துத் தாளை வைத்துக்கொண்டு இந்த வருடத்துக்குப் பேச முடியாது.

அதோடு, செக்கப் என்றால் வைரஸ் மட்டும்தான் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். 2019இல் என் வைரஸ் எண்ணெல்லாம் பிரமாதமாக இருந்தது. அந்தத் தடவை டாக்டர், கடைசியாகப் பாப் ஸ்மியர், அதாவது கருப்பை வாய்ச் சோதனை, எடுத்தது எப்போது என்று கேட்டார். நான் முழித்தேன். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்று அன்றுதான் எனக்குத் தெரியும். எடுத்தார்கள். புற்றாக மாறுவதற்கு முந்தைய மாற்றம் இருந்தது. சின்னச் சிகிச்சை, அன்றே வீடு. எனக்கு வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. அந்தத் தேதிக்கு நான் போகாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இப்போதும் சில ராத்திரி வருகிறது. அக்கா தங்கச்சிகளே, டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இப்போது என் மாத்திரைகளில் ஒன்றுக்காகச் சிறுநீரகத்தைப் பார்க்கிறார்கள். சர்க்கரை பார்க்கிறார்கள், நம் ஆட்களுக்கு அது சொல்லவே வேண்டாம். நம்மைப் போன்றவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பும் கூடுதல். 40 வயதுக்கு மேற்பட்ட 7,769 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2023இல் வந்தது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைத் தினமும் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. எனக்கும் டாக்டர் அந்த வகை மாத்திரை ஒன்று தொடங்கியிருக்கிறார். கணவர் 35இல் போனார். நான் 70ஐப் பற்றி டாக்டரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

சரி, மனசு வராத நாளில் என்ன செய்வது? நான் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறேன். நேர்ந்துகொண்டவர்களுக்குத் தெரியும், அன்று காலை மனசு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மழை பெய்தாலும் கால் வலித்தாலும் நாள் வந்தால் குடம் தலைக்கு வரும். கூட நாலு பேர் நடப்பார்கள். நடுவில் தளர்ந்தால் ஒரு கை தாங்கும். கிளினிக் தேதியையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். காலண்டரில் தைப்பூசத்தைப் போல அதையும் வருட ஆரம்பத்திலேயே சிவப்பில் வட்டமிடுகிறோம். மகள் கூட வருவாள். அவளுக்கு முடியாவிட்டால் என் மாதிரியே மருந்து சாப்பிடும் தோழி ஒருவர் வருவார், அவர் தேதிக்கு நான் போவேன். ரத்தம் கொடுத்துவிட்டு லிட்டில் இந்தியாவில் தோசையும் தே தாரிக் டீயும். பசியோடு இருப்பதால் அந்தத் தோசை அவ்வளவு ருசி. ஊக்கம் வரட்டும் என்று காத்திருந்த காலத்தில் நான் போகவே இல்லை. கூட வர ஆள் இருந்தபோது போனேன். யாருமே இல்லாதவர்கள், 1992இல் தொடங்கிய மலேசிய எய்ட்ஸ் மன்றத்தைக் கேளுங்கள். இந்த நோயோடு வாழ்பவர்களுக்குத் துணையாக நிற்கும் அமைப்புகள் அதன் கீழ் இருக்கின்றன.

கவுண்டரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது இதைப் படித்தால், நின்றுபோய்த் திரும்பி வருபவரிடம் முதல் கேள்வியாக 'ஏன் வரவில்லை' என்று கேட்காதீர்கள். காரணம் தெரிய வேண்டும்தான், டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். அதைக் கதவை மூடிவிட்டு, உட்கார வைத்து, இரண்டாவதாகக் கேளுங்கள். முதலாளிகளே, சூப்பர்வைசர்களே, கிளினிக்குக்குப் போய் வந்ததற்கான டைம் ஸ்லிப் கொண்டு வந்து கொடுப்பவரிடம் என்ன வியாதி என்று கேட்காதீர்கள். அது உங்கள் வேலை இல்லை. அப்புறம் குடும்பத்தார். மாத்திரை சாப்பிட்டாயா, கிளினிக் போனாயா என்று தினமும் விசாரிப்பதைவிட, அன்று ஒரு நாள் வண்டி ஓட்டிக்கொண்டு கூட வந்து, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.

அந்த மிஸ்ஸி ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

தம்பி, நாளைக்குக் காலையில் போன் செய்து புதுத் தேதி வாங்குங்கள். மருந்து எத்தனை நாளுக்கு மீதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும், அட்டையைத் திரும்ப வாங்காமல் அங்கேயே நில்லுங்கள். எனக்கு அழையுங்கள், போனில் கூட நிற்கிறேன்.

தீவில் தேதி இருந்து, தனியாகப் போகத் தயங்குபவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள். என் அடுத்த ரத்தச் சோதனை வருகிற மாதம் முதல் செவ்வாய்க்கிழமை. காலை 7 மணிக்குப் பட்டர்வொர்த் ஃபெரி முனையத்தில் இருப்பேன். மகளும் வருகிறாள்.