ஓட்டுநரில்லா லாரிக்காக ஆரல்வாய்மொழியில் நிலம் வாங்கச் சொல்லும் தகவல் தவறானது

நான்குவழிச்சாலையில் ஓட்டுநரில்லா லாரிகள் விரைவில் ஓடும், கனரக ஓட்டுநர் உரிமங்கள் செல்லாதவையாகும், ஆகவே கிடங்குகள் வரவிருக்கும் ஆரல்வாய்மொழிப் பகுதியில் இப்போதே நிலம் வாங்குங்கள் என்றொரு வாட்ஸ்அப் தகவல் குமரி மாவட்டக் குழுக்களில் பரவுகிறது. இது உண்மையல்ல.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுச்சாலையில் வாகனம் ஓட்டுபவரிடம் செல்லத்தக்க உரிமம் இருக்க வேண்டும் என்கிறது. உரிமம் பெற்ற மனிதர் ஒருவர் ஓட்டுவார் என்பதை அடிப்படையாகக் கொண்ட சட்டம் அது. ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவில் அனுமதிக்கப் போவதில்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியும் 2023இல் வெளிப்படையாகக் கூறினார்.

அமெரிக்காவின் டெக்சாஸில் டல்லாஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கு இடையே அரோரா நிறுவனம் 2025இல் இத்தகைய லாரிச் சேவையைத் தொடங்கியது உண்மைதான். அங்கே சரக்கு லாரி ஓட்டுநர் ஓய்வுக்குப் பின் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்ற வரம்பு இயந்திரத்துக்கு இல்லை என்பதால், தொலைவிலுள்ள, விலை குறைந்த நிலத்திலும் கிடங்கு அமைக்கலாம், நெடுஞ்சாலை ஓரத்தில் சரக்கு மாற்றும் முனையங்களுக்குத் தேவை கூடலாம் என்பது நியாயமான கணிப்பே. அந்தக் கணிப்பைத்தான், வளைவும் நெரிசலும் மிகுந்த நம் சாலைகளுக்கு அப்படியே பொருத்தி, நிலம் விற்கும் விளம்பரமாக்கியிருக்கிறார்கள்.

லாரி ஓட்டியே குடும்பம் நடத்துவோரை இது வீணாகக் கலங்கடிக்கிறது. தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். உரிமம் பற்றிய ஐயங்களை நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்கலாம். நிலம் வாங்குவோர் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றையும், வருவாய்த்துறையின் இணையதளத்தில் பட்டாவையும் முதலில் சரிபார்க்கலாம்.