டைகர் பே கொலைகளும், கொலைகளுக்குப் பின் நடந்த அநீதிகளும்

வேல்ஸின் கார்டிஃப் துறைமுகத்தில் நடந்த பழைய கொலைகளைப் பற்றி எழுதுபவர்களில் பலர் அவற்றைத் திகில் கதைகளாகவே எழுதிவருகிறார்கள். இருட்டான சந்து, குடிபோதையில் மாலுமிகள், சவரக்கத்தி என்று அந்தக் கதைகளுக்கு ஒரு வாய்ப்பாடே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வழக்குகளில் என்னை உலுக்கியது, பிணம் கண்டெடுக்கப்பட்ட பிறகு காவல்நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நடந்ததுதான்.

நிலக்கரி ஏற்றுமதியால் கொழித்த நகரம் அது. கப்பல்களில் கரி அள்ளிப்போடும் கடுமையான வேலைக்கு வந்த சோமாலியர்கள், ஏமனியர்கள், மேற்கு ஆப்பிரிக்கர்கள், கரீபியர்கள் துறைமுகத்தை ஒட்டிய பியூட்டவுன் பகுதியில் குடியேறி, உள்ளூர்ப் பெண்களை மணந்து வாழ்ந்தார்கள். டைகர் பே என்று பெயர்பெற்றது அந்தப் பகுதிதான். முதல் உலகப்போர் முடிந்து வேலைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1919 ஜூனில் வெள்ளையர் கும்பல்கள் அவர்களுடைய வீடுகளைத் தாக்கின. கார்டிஃபில் மட்டும் 3 பேர் உயிரிழந்தனர். பின்னால் வந்த வழக்குகளை இந்தப் பகையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

1952 மார்ச் 6 அன்று இரவு, பியூட் தெருவில் துணிக்கடையும் அடகுக்கடையும் நடத்திவந்த லில்லி வோல்பர்ட் என்ற பெண், தன் கடைக்குள்ளேயே கழுத்து அறுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ 100 பவுண்ட் களவு போயிருந்தது. அவருடைய குடும்பத்தினர் அப்போது கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் இருந்தார்கள் என்பதை நினைத்தாலே மனம் பதைக்கிறது. சில நாட்களில் மஹ்மூத் மத்தான் என்ற சோமாலியர் கைதானார். இன்றைய சோமாலிலாந்தின் ஹர்கெய்சாவில் பிறந்து, கப்பல் வேலைக்கு வந்தவர். லாரா என்ற வேல்ஸ் பெண்ணை மணந்தவர், மூன்று ஆண் குழந்தைகளின் தகப்பன்.

அவருக்கு எதிராக இருந்த சான்றுகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அவரிடம் திருட்டுப் பணமோ இரத்தக்கறை படிந்த உடையோ கிடைக்கவில்லை. ஒரு பழைய காலணியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தத் துளிகள் இருந்தன, ஆனால் அந்தக் காலணியே அவர் யாரோ பயன்படுத்தியதை வாங்கியது. கடையருகே ஒரு கறுப்பின மனிதரைக் கண்ட 12 வயதுச் சிறுமி, தான் பார்த்தவர் மத்தான் இல்லை என்று சொன்னாள். அது மத்தானின் வழக்கறிஞருக்குத் தெரிவிக்கப்படவில்லை. முக்கிய சாட்சியான ஹரால்ட் கவர், முதலில் காவல்துறையிடம் தங்கப் பல் உள்ள ஒரு சோமாலியரைப் பார்த்ததாகத்தான் கூறியிருந்தார். மத்தானுக்குத் தங்கப் பல் கிடையாது. பிறகு அதே சாட்சி மத்தானையே அடையாளம் காட்டினார், கொலையுண்டவரின் குடும்பம் அறிவித்திருந்த வெகுமதியிலும் பங்கு பெற்றார்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஆங்கிலம் சரளமாக வராத அந்த மனிதருக்காக வாதாட வந்த வழக்கறிஞரே, ஸ்வான்ஸீயில் ஜூரிகளின் முன் நின்று, தன் கட்சிக்காரரைப் பாதி இயற்கையின் குழந்தை, பாதி அரைகுறை நாகரிகம் கொண்ட காட்டுமிராண்டி என்று வர்ணித்தார். காப்பாற்ற வேண்டியவரே இப்படிப் பேசிய பிறகு, ஜூரிகள் வேறு என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்? 1952 செப்டம்பர் 3 அன்று மத்தான் கார்டிஃப் சிறையில் தூக்கிலிடப்பட்டார். கணவரைப் பார்க்கச் சிறைக்குச் சென்ற லாரா, வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துத்தான் செய்தியை அறிந்தார்.

அந்தப் பெண் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓயவில்லை. 1996-இல் கணவரின் உடலைச் சிறை வளாகத்திலிருந்து தோண்டியெடுத்து முறையாக அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. குற்ற வழக்குகளை மறு ஆய்வு செய்யவென்று புதிதாக அமைக்கப்பட்ட ஆணையம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பிய முதல் வழக்கு இதுவே. 1998 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு ரத்தானது. இதற்கிடையே 1969-லேயே, கவர் தன் சொந்த மகளைச் சவரக்கத்தியால் கொல்ல முயன்றதற்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார். அப்போதே இந்த வழக்கைத் திறந்து பார்த்திருக்கலாம். அதிகாரத்தில் இருந்தவர்கள் அதற்கு முன்வரவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதையெல்லாம் தூக்குத்தண்டனைக் காலத்துப் பிழை என்று ஒதுக்க நினைப்பவர்களுக்கு 1988-ஐ நினைவூட்ட விரும்புகிறேன். அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று, அதே பியூட்டவுனில், ஜேம்ஸ் தெருவில் 20 வயதான லினெட் வைட் குத்திக் கொல்லப்பட்டார். இரத்தக்கறையோடு அருகில் காணப்பட்ட ஒரு வெள்ளையரின் படத்தைத்தான் காவல்துறை முதலில் வெளியிட்டது. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் கறுப்பின, கலப்பினத்தவர் ஐவர் மீது வழக்குத் தொடரப்பட்டு, 1990-இல் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் விசாரணையில் 300 முறைக்கு மேல் மறுத்தும், மிரட்டலும் கூச்சலுமாக அவரைப் பணியவைத்தார்கள். அந்த ஒலிநாடாவைக் கேட்டு நீதிபதிகளே அதிர்ந்தார்கள். 1992-இல் மூவரும் விடுதலையானார்கள். சுவரடிப் பலகையின் வண்ணப்பூச்சுக்குக் கீழிருந்து எடுத்த இரத்தத்தின் மரபணுவைக் கொண்டு 2003-இல் வேறொருவர் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தக் காவலர்கள் மீது தொடரப்பட்ட வழக்கோ 2011-இல் நீதிமன்றத்திலேயே சரிந்து விழுந்தது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில் தடயவியல் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனால் துறைமுகத்துக் கறுப்பு மனிதர்களில் எவராவது ஒருவர் போதும் என்ற மனப்போக்கு மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. தெற்கு வேல்ஸ் காவல்துறை மத்தான் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது 2022-இல். லாராவும் அவருடைய மூன்று மகன்களும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

இன்னொரு குடும்பத்தின் இழப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. லில்லி வோல்பர்ட்டைக் கொன்றதற்காக ஒருவரைத் தூக்கிலிட்டுவிட்டதால், காவல்துறை மேற்கொண்டு தேடுவதை நிறுத்திவிட்டது. லினெட்டின் உறவினர்களுக்கு 15 ஆண்டுகள் கழித்தாவது விடை கிடைத்தது. லில்லியின் வழக்கில் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்ல இன்று ஒருவருமே இல்லை. தங்கப் பல் உள்ள மனிதரைப் பற்றிய அந்த முதல் வாக்குமூலம், 1952 மார்ச்சிலேயே காவல்துறையின் கோப்பில் இருந்தது.