முதலில் ஆளைக் கொடுங்கள், அப்புறம் கணக்குக் கேளுங்கள்

கால்பந்து கோச் கேவின் ஹன்ட்டுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. 2020 செப்டம்பரில் நம் தென்னாப்பிரிக்க கிளப் கைசர் சீஃப்ஸுக்கு வந்தார். சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட் கிளப்போடு தொடர்ந்து மூன்று முறை லீக் ஜெயித்தவர், அப்புறம் விட்ஸ் கிளப்போடு ஒரு முறை. அவர் வந்த நேரம் நம் கிளப்புக்கு ஃபிஃபா தடை. மடகாஸ்கர் ஆட்டக்காரர் ஒருவரை முறையில்லாமல் எடுத்ததற்காக, ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் இரண்டு டிரான்ஸ்ஃபர் காலத்துக்குப் புது ஆள் யாரையும் பதிவு செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தப்பு செய்தது கிளப், சுமந்தது ஹன்ட். இருந்தவர்களையும் அகாடமிப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிவரை அணியைக் கொண்டுபோனார். லீகில் தடுமாறினார், அது உண்மை. 2021 மே மாதம், சீசன் முடிய இரண்டே ஆட்டம் பாக்கி இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது மாதம்கூட நிறையவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு டர்பனில் சாட்ஸ்வர்த்தில் மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, புது கோச்சுக்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு மறுபடியும் வந்தது. "புது கோச்சுக்குப் பத்து மேட்ச் போதும்டா, சமைக்கத் தெரிந்தவள் கை முதல் கறியிலேயே தெரிந்துவிடும்" என்றார் மாமா. அரிசியே வாங்கித் தராமல் சோறு எங்கே என்று கேட்டால் எப்படி மாமா என்று நான் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக இங்கே எழுதுகிறேன்.

என் கணக்கு இதுதான். கோச் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து மாதங்களை எண்ணுவதில் அர்த்தமே இல்லை. அவர் கேட்ட ஆட்கள் வந்து, அவர்களோடு சீசனுக்கு முந்தின பயிற்சிக் காலமான ப்ரீசீசன் ஒன்றை முழுதாக வேலை பார்த்த பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்க வேண்டும். நடைமுறையில் பார்த்தால் அது இரண்டு சீசன். நடுவில் லீகை விட்டே இறங்கிவிடும் ஆபத்து வந்தாலோ, ஆட்டக்காரர்களே அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டாலோ அது வேறு விஷயம், அப்போது மாற்றத்தான் வேண்டும். மூன்று மேட்ச் தோற்றதற்காக மாற்றக் கூடாது.

ஏன் இவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சனிக்கிழமை காலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு, எல்லாரும் பன்னிரண்டு வயதுக்குள், நான் பயிற்சி கொடுக்கிறேன். பின்னால் நிற்கிற நான்கு பேரும் ஒரே நேரத்தில் முன்னே ஏற வேண்டும், இதைத்தான் பிப்ரவரியில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ஒருவன் ஏற மறந்தால் ஆஃப்சைடு கிடையாது, எதிர் அணிக்காரன் நேரே கோல்கீப்பர் முன்னால் போய் நிற்பான். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவன் மறந்தான், ஒவ்வொரு வாரமும் கோல் வாங்கினோம், பெற்றோர் சிலர் என்னை முறைத்தார்கள். ஜூனில் ஒரு நாள் யாரும் குரல் கொடுக்காமலே நான்கு பேரும் சேர்ந்து ஏறினார்கள்! அதற்கு முந்தின வாரம்வரை பார்த்தவர் எவராக இருந்தாலும் எனக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார். பெரிய அணிக்கும் இதே கதைதான். வாரத்தில் இரண்டு ஆட்டம், நடுவில் பயணம், காயம், இதற்கிடையில் புதுப் பழக்கம் உடம்பில் ஏற வேண்டும்.

ஹ்யூகோ புரூஸைப் பாருங்கள். 2021 மே மாதம் நம் தேசிய அணி பஃபானா பஃபானாவுக்கு கோச்சாக வந்தார். பழைய பெயர்கள் பலரை ஒதுக்கிவிட்டு இளம் பிள்ளைகளை எடுத்தார். அந்த நவம்பரிலேயே கானாவிடம் ஒரு பெனால்டி கோலில் தோற்று உலகக் கோப்பை வாய்ப்பு போனது. 2022 மார்ச்சில் பிரான்ஸ் ஐந்து கோல் போட்டது, நாம் ஒன்றுகூடப் போடவில்லை. மாமாவின் கணக்குப்படி அன்றைக்கே விமானம் ஏற்றியிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கக் கால்பந்து சங்கமான சாஃபாவை நான் எத்தனையோ விஷயத்துக்குத் திட்டியிருக்கிறேன், ஆனால் அன்றைக்கு அவரை வைத்துக்கொண்டார்களே, அதற்கு நன்றி. 2024 தொடக்கத்தில் ஆப்பிரிக்கக் கோப்பையில் மூன்றாம் இடம். காலிறுதியில் நம் கோல்கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ் நான்கு பெனால்டி தடுத்த இரவில் எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. 2025 அக்டோபரில் ருவாண்டாவை 3-0 என்று ஜெயித்து உலகக் கோப்பைக்குள் போனோம், அதுவும் மூன்று புள்ளிகள் பறிக்கப்பட்ட பிறகு. போட்டியை நாமே நடத்திய 2010ஐ விட்டுவிட்டால், 2002க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நாலரை வருஷ வேலை அது.

எல்லாருக்கும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஸ்டீவ் கொம்ஃபேலாவுக்கு சீஃப்ஸில் ஏறக்குறைய மூன்று சீசன் கிடைத்தது, ஒரு கோப்பையும் வரவில்லை, 2018இல் அவர் விலகியதில் எனக்குக் குறை இல்லை. அந்தப் பக்கம் கோர்டன் இகெசுண்ட் இருக்கிறார். எங்கள் சாட்ஸ்வர்த் மைதானத்தில் ஆடிய மானிங் ரேஞ்சர்ஸுக்கு 1996-97இல் நம் நாட்டு லீகான பி.எஸ்.எல்.லின் முதல் கோப்பையை வாங்கிக்கொடுத்தவர். 2001இல் ஆர்லாண்டோ பைரேட்ஸ் கிளப்போடு லீக் ஜெயித்துவிட்டு அடுத்த வருஷமே கேப் டவுன் சான்டோஸோடும் ஜெயித்தார். அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் நூறு பேரில் ஒருவரை வைத்து மற்றவர்களுக்குக் கெடு வைக்க முடியுமா?

2025 மே 10ஆம் தேதி டர்பனின் மோசஸ் மபிடா மைதானத்தில் சீஃப்ஸ் பைரேட்ஸை 2-1 என்று ஜெயித்து, லீகுக்குத் தனியான நெட்பேங்க் கோப்பையைத் தூக்கியபோது நானும் மகனும் மேல் அடுக்கில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினோம். பத்து வருஷத்துக்குப் பிறகு வந்த கோப்பை. கோச் நஸ்ரெடின் நபிக்கு அது முதல் சீசன், லீகில் ஒன்பதாம் இடம்தான். வீட்டுக்கு வரும் வழியில், நடுவில் எத்தனை கோச் அப்பா என்று மகன் கேட்டான். கொம்ஃபேலா, சொலினாஸ், மிடென்டார்ப், ஹன்ட், மறுபடியும் பாக்ஸ்டர், ஸ்வானே, என்ட்செகி, ஜான்சன் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். நபி ஒன்பதாவது. அந்த வருஷம் முடிவதற்குள் அவரும் போய்விட்டார்.