மனு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் எல்லை தாண்டி
தொண்டு நிறுவனங்கள் கூடிக் குரல் கொடுத்து குழந்தைகளின் வறுமை தீர்க்கும் எந்தத் திட்டமும் வந்ததில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அப்படியில்லை. 2001-ல் பி.யு.சி.எல். என்ற மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில்தான், நவம்பர் 28 அன்று, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு போடச் சொன்னது உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டுக்கு அது பழைய சமாச்சாரம், ஆந்திரா உட்படப் பல மாநிலங்களுக்கு அதுதான் ஆரம்பம். என் குறை வேறு. ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் எங்கள் தெருவில் விசைத்தறி ஓட்டிய குடும்பம் ஒன்று வேலைக்காகத் தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டுப் பக்கம் போனது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆந்திர அரசு அப்போது கொடுத்த ‘அம்மா ஒடி’ உதவித்தொகை 15,000 ரூபாய்க்கு 75 சதவீத வருகை வேண்டியிருந்தது. பையனின் பெயர் இங்கே, ஆள் அங்கே. அங்கே டி.சி. கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது, யார் எடுத்துச் சொல்வது? ஆறு மாதம் தறிக்கு நூல் தார் சுற்றினான், விரலிடுக்கில் நூல் அறுத்த கோடுகள். இங்குள்ள சங்கத்தார் "அது தமிழ்நாட்டு விஷயம்" என்றார்கள். அங்குள்ளவர்கள் "ஆந்திரா ரேஷன் கார்டாச்சே" என்றார்கள். இரு தரப்பும் ஒரே மனுவாக சித்தூர், திருவள்ளூர் கலெக்டர்கள் இருவரிடமும் கொடுத்திருக்கலாம். நடுவில் இருப்பது ஒரு மணி நேர பஸ் பயணம் கூட இல்லை.