ஒரே இடத்தில் திரும்பும் நிமோனியா

குழந்தைகளின் தொடர் இருமல் பற்றி வெளிவந்த கட்டுரையில், அதற்குப் புகைமூட்டமும் ஆஸ்துமாவும் காரணமாகலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியே. ஆயினும், நிமோனியா ஒவ்வொரு முறையும் நுரையீரலின் அதே பகுதியில் வருமானால், பிறவிக் குறைபாடு ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டியதையும் அவர் சேர்த்திருக்கலாம். பினாங்கில் என் அக்காள் மகனுக்கு இடது நுரையீரலின் கீழ் மடலிலேயே (கீழ்ப்பகுதியிலேயே) திரும்பத் திரும்பத் தொற்று வந்தது. பழைய எக்ஸ்ரே படங்களைத் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த குழந்தை மருத்துவர், காய்ச்சல் தணிந்த பின்னும் தொற்று வந்த இடத்தில் தெரிந்த வெண்ணிழல் மறையாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டி, சாய மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நுரையீரல் தமனியிலிருந்து அல்லாமல், இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியிலிருந்தே நேராக ஒரு இரத்தக்குழாய் அப்பகுதிக்குச் செல்வது அதில் தெரிந்தது. இந்தப் பிறவிக் குறைபாட்டில் (pulmonary sequestration) நுரையீரல் திசுவின் ஒரு பகுதி மூச்சுக்குழாயோடு முறையான தொடர்பின்றித் தனித்துக் கிடக்கும்; இத்தகைய திசுவில் கிருமித்தொற்று எளிதில் தங்கிவிடும். அத்திசுவை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அந்தக் குழாயின் இருப்பிடத்தை அறிந்திருப்பது இன்றியமையாதது. அறியாமல் வெட்டினால் பெரும் இரத்தப்போக்கு நேரலாம். (கர்ப்பகால ஸ்கேனில் இது சில வேளைகளில் தென்படும், அக்காளுக்குத் தென்படவில்லை.) கிளினிக் மாறும் பெற்றோர் பழைய படங்களின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய படம் இல்லாவிட்டால் ஒவ்வொரு மருத்துவருக்கும் அது முதல் நிமோனியாவாகவே தோன்றும்.